மேக்கணக்கு மரியாயி கொழும்பு பார்த்த கதை

போத்தலைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு மற்றக் கண்ணால் அதில் கீறிய கோட்டைப் பார்க்கிறாள் மரியாயி. ராத்திரி ஒரு சொட்டு மழை இல்லை. போத்தல் காய்ந்து கிடப்பது வாசலில் நின்றாலே தெரியும். தெரிந்தால் என்ன, பார்க்கத்தான் வேண்டும். பார்த்து, கவிழ்த்து, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, திரும்பவும் கம்பத்தில் மாட்டிய பிறகுதான் பால் வெட்டும் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ரப்பர் மலைக்கு ஏறுவாள்.

அரநாயக்கவுக்கு மேலே, பாதி ரப்பரும் பாதி தேயிலையுமாகக் கிடக்கிற தோட்டம் அது. மேல் பிரிவுக்கு மேக்கணக்கு என்று பெயர். மேக்கணக்கின் கடைசி லயத்துக்கு, மரியாயி குடியிருக்கிற அந்த வரிசை வீடுகளுக்கு, முதுகுப் பக்கம் மலை. அந்த மலையில், கால் வைத்தால் உள்ளே போகிற அகலத்தில் ஒரு வெடிப்பு. அரநாயக்கப் பக்கம் பெரிய மலை சரிந்து வீடுகளை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து இந்த வெடிப்பையும் பார்த்தார்கள். மழை அளக்க ஒரு பிளாஸ்டிக் போத்தல் கொடுத்தார்கள். தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தொட்டால் தயாராக இருக்க வேண்டும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கீழே ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும். போத்தலை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள். மரியாயி மட்டும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவளும் அரைகுறையாக எதையும் செய்கிற ஆள் இல்லை. வெடிப்பின் இரண்டு கரையிலும் குச்சி நட்டு, நடுவே தையல் நூலை இழுத்துக் கட்டி வைத்தாள். வெடிப்பு விரிந்தால் நூல் அறும். ஒரு நாள் நூல் அறுந்தும் போனது. "எந்திரிங்க, எந்திரிங்க, மலை எறங்குது!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேக்கணக்கு முழுக்கப் பாயும் பிள்ளையுமாக ஸ்கூலுக்கு ஓடியது. பிறகு பார்த்தால், நூலை அறுத்தது பக்கத்துக் காம்பரா சுப்பம்மாவின் சேவல். அந்தச் சேவல் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைக் காணவில்லை. மரியாயிக்கு 'மழைக் கங்காணி' என்ற பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. விரல் நகங்களுக்குள் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருக்கும். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று கையை உயர்த்தி, "செத்த சும்மா இருங்க" என்று தலையைச் சாய்த்துக் கேட்பாள். மலைப் பக்கம் ஏதோ சத்தமாம். நமக்கு ஒன்றும் கேட்காது. ஒரு மழை ஞாயிறில், ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய், பாதையோரக் கானில் ஓடுகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, நனைந்த காலோடு நன்மை அப்பம் வாங்கத் திரும்பி வந்தவள் அவள். ஃபாதர் அவளிடம், "என்னம்மா, தெளிவா இருக்கா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

தண்ணீரின் நிறம்தான் அவளுக்கு எல்லாம். மலை சரிந்த அன்று காலையில், அந்தப் பக்கத்துப் பீலியில் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் கொட்டியதாம். குடம் பிடிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டு, தெளியட்டும் என்று திரும்பிப் போனார்களாம். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து, "பீலித் தண்ணி கலங்குறது, நேரா நின்ன மரம் சாயுறது, இல்லாத எடத்துல ஊத்து கெளம்புறது, இந்த மூணும் மலை நம்மகிட்ட பேசுற பேச்சு. கேக்காட்டி அது நம்ம தப்பு" என்று எல்லோருக்கும் பாடம் நடத்துவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் லோரன்ஸ். இடி தலையில் விழுந்தாலும் தோளைத் தட்டிவிட்டுப் போகிற மனுஷன். "மலைக்கி என்ன கோவம் எங்க மேல? அது பாட்டுக்கு இருக்கு, நாங்க பாட்டுக்கு இருக்கோம்" என்பார். மழை பிடித்தால் அவள் எழுப்புவாள். அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். ஸ்கூலுக்கு இழுத்துக்கொண்டு போனால், வழி நெடுக, "சேவல் ஏதும் செத்திச்சா பாரு புள்ள" என்று கேலி பண்ணிக்கொண்டே வருவார். போதாக்குறைக்கு, யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போய் விழுந்து காலை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிற நேரத்தில்தான் இந்தக் கொழும்புப் பயணம் வந்து சேர்ந்தது.

மகள் ரோஷானி தோட்டத்து முன்பள்ளி டீச்சர். பிள்ளைகளையும் தாய்மாரையும் ஒரு பஸ்ஸில் கொழும்புக்குக் கூட்டிப்போய் நூதனசாலையையும் விகாரமகாதேவிப் பூங்காவையும் காட்டப் போகிறாள். வாண்டுகளைப் பிடிக்க ஆள் வேண்டும்.

"நான் வரல்ல. அப்பாவ விட்டுட்டு எப்பிடி வாறது?" என்றாள் மரியாயி.

"சுப்பம்மா பெரியம்மா சோறு குடுப்பாங்க. ஒரு கெழமயா மழையே இல்ல. போத்தல நீங்களே பாத்தீங்கதானே?"

"மழை இல்லாதப்பதான் பயம் கூட."

"போயிட்டு வா புள்ள. நீ ஒரு நாள் இல்லாட்டி நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார் லோரன்ஸ். அந்தப் பேச்சுக்குத்தான் அவளுக்கு ரோஷம் வந்து, சரி என்றாள். சொன்ன நிமிஷமே எழுந்து, நூலைப் பார்க்க வெளியே போய்விட்டாள்.

புறப்படுகிற அன்று அவரைப் போத்தலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பாடம் சொன்னாள். "மஞ்சக் கோடு தொட்டா சுப்பம்மாக்காவக் கூப்புடுங்க. செவப்புக் கோடு வரைக்கும் இருந்து பாக்காதீங்க, உங்களுக்குக் கால் இல்ல, முந்தியே கெளம்புங்க. நூலயும் எட்டிப் பாருங்க." அவர் எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னார். அந்த ஆமெனை அவள் துளியும் நம்பவில்லை.

பஸ் மாவனல்லை நிஸாருடையது, ஓட்டுவதும் அவர்தான். அவரும் மலையடிவாரத்துக்காரர்தான் என்பதால் மரியாயியின் குணம் அவருக்கு அத்துப்படி. டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டை அவளுக்காக விட்டு வைத்திருந்தார். கேகாலை வரைக்கும் பாதை ஓரத்து மேடுகளையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். நிட்டம்புவ தாண்டியதும் பார்ப்பதற்கு மேடு இல்லாமல் போய்விட்டது. அப்போதுதான் பயம் இன்னும் கூடியது. கண்ணுக்கு வேலை இருந்தவரைக்கும் மனம் கொஞ்சம் சும்மா கிடந்தது. போனை எடுத்தாள்.

"வெயில் மண்டையைப் பொளக்குது. வை போன" என்றார் லோரன்ஸ்.

நூதனசாலை வாசலில் இறங்கியபோது பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டார்கள். வெள்ளை வெளேரென்று, பெரிய தொரை பங்களாவைப் பத்து மடங்காகப் பெருக்கி வைத்தது போல ஒரு கட்டடம். முன்னால் விழுதுவிட்ட ஆலமரங்கள். மரியாயி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "போட்டுக்கிட்டே வரலாம்மா" என்று ரோஷானி சொன்ன பிறகும் படி ஏறும்வரை போடவில்லை. பங்களாப் புல்தரையில் கால் வைத்து ஏச்சு வாங்கிய பரம்பரை. காலுக்கு அந்த ஞாபகம் உண்டு.

உள்ளே கல்லில் செய்த புத்தர், வெண்கலத்தில் வார்த்த சாமிகள், வாள், குடை, காசு, முகமூடி எல்லாம் இருந்தன. கண்டி ராசாவின் சிம்மாசனம் கண்ணாடிக்குள் சிவப்பும் தங்கமுமாக மின்னியது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டு நின்றார்கள். மரியாயி ஒன்றையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறைக்குள் நுழைந்ததும் வெளியே போகும் வழி எங்கே என்று தேடினாள். மாடிக்கு ஏறியதும் அங்கே நின்ற காவல்காரப் பெண்ணைத் தங்கச்சி முறை வைத்துக் கூப்பிட்டு, "நங்கி, இவ்வளவு கல்லையும் இந்தக் கட்டடம் தாங்குமா?" என்று சிங்களத்தில் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நூறு வருஷத்துக்கு மேலா தாங்குது அம்மே" என்றாள். நூறு வருஷம் தாங்கியது மலையும்தான் என்று மரியாயிக்குத் தோன்றியது.

கீழே இறங்கி வந்து, சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்று மறுபடியும் போன் எடுத்தாள்.

"என்னா, ராசாவப் பாத்திட்டியா?" என்றார் லோரன்ஸ்.

"ராசா கெடக்கட்டும். அங்க எப்பிடி?"

"மேல கொஞ்சம் கறுத்துக்கிட்டு வருது. ரெண்டு துளி விழுந்திச்சி. அதுக்கு இப்ப என்னா?"

"எந்தப் பக்கம் கறுக்குது? மலைப் பக்கமா, ஆத்துப் பக்கமா?"

"எனக்கு என்னா தெரியும், நான் படுத்திருக்கேன்" என்று சொல்லும்போதே தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் போனுக்குள் கேட்டது. ரெண்டு துளியா அது? பிறகு லைன் போய்விட்டது. திரும்ப எடுத்தால், மூன்று மொழியிலும் ஒரு பெண் அழகாக, நீங்கள் அழைக்கும் இலக்கத்தை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்கிறாள். சுப்பம்மாவுக்கு எடுத்தாள். அங்கேயும் அதே பெண்தான்.

காலொடிந்த மனுஷன் கட்டிலில். கட்டிலுக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் மலை. அவர் எழுந்து போத்தலைப் பார்க்கப் போவதில்லை. சுப்பம்மா கூப்பிட்டாலும், "நீங்க போங்க, நான் வாறேன்" என்பார். வரமாட்டார். மழைக்கு இதமாகப் போர்வையை இழுத்துக்கொள்வார். எழுப்புகிற ஒருத்தி ராசாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"ரோஷானி, அங்க நல்லா ஊத்துதுடி. லைன் இல்ல."

"மழை பேஞ்சா டவர் போறது வழமதானேம்மா."

"நான் பஸ் புடிச்சிப் போகவா?"

"இப்ப பஸ் புடிச்சாலும் நாங்க போற நேரத்துக்குத்தான் போவீங்க. பிள்ளைகளப் பிடிங்க, ப்ளீஸ்."

சொன்னது நியாயம்தான். நியாயம் போன லைனைத் திருப்பிக் கொண்டுவராது. ஒரு கையில் ஒரு வாண்டு, மறுகையில் போன் என்று பூங்காவுக்கு நடந்தாள்.

விகாரமகாதேவிப் பூங்கா, அவள் அதுவரை கண்ட தோட்டங்களில் சேர்த்தியே இல்லை. கொழுந்து எடுக்க முடியாத செடிகள், பால் வெட்டாத மரங்கள், யாரும் வேலை செய்யாத புல்வெளி. ஒரு கோடியில் தங்க நிறத்தில் பெரிய புத்தர். எதிரே வெள்ளைக் கோபுரத்தோடு மாநகர சபை. இன்னொரு பக்கம் போரில் செத்தவர்களுக்கு எழுப்பிய தூண். மரியாயி வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகத் துணுக்கு இல்லை. ஆனால் வாங்குப் பலகைகளில் சோடி சோடியாக உட்கார்ந்திருந்த இளசுகளெல்லாம் குடையை விரித்து வைத்திருந்தார்கள்.

"நிஸார் தம்பி, இங்கயும் மழை வரப்போகுதா? எல்லாரும் கொடைய விரிச்சிட்டாங்களே!"

நிஸார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது மழைக்கி இல்லக்கா. நீங்க அங்கிட்டுப் பாக்க வேணாம், வாங்க."

புல்லில் கால் வைக்குமுன் பையிலிருந்து சவர்க்காரத் துண்டை எடுத்துக் கணுக்காலைச் சுற்றித் தேய்த்தாள். "கொழும்புல அட்டை இல்லம்மா" என்று ரோஷானி பல்லைக் கடித்தாள். "புல்லு இருக்கில்ல?" என்றாள் மரியாயி. இரண்டு மூன்று தாய்மார் ரகசியமாக அந்தச் சவர்க்காரத்தை இரவல் வாங்கிக்கொண்டதை ரோஷானி கண்டும் காணாதவள் போல இருந்தாள்.

ஒரு சின்ன மேட்டுக்குக் கீழே, சாய்ந்து வளர்ந்த பழைய மரம் ஒன்றின் நிழலில் பிள்ளைகளை வட்டமாக இருத்திச் சோற்றுப் பார்சல்களைப் பிரித்தார்கள். சோறு, பருப்பு, முட்டை, கொஞ்சம் சம்பல். மரியாயி தன் பார்சலைத் தொடவில்லை. போனைப் பார்ப்பதும், காதில் வைப்பதும், இறக்குவதுமாக இருந்தாள். அந்த மூன்று மொழிப் பெண் இப்போது அவளுக்குச் சொந்தக்காரி போல ஆகிவிட்டாள்.

அப்போதுதான் அதைக் கண்டாள். மேட்டுச் சரிவில், மரத்தின் வேர் மண்ணைவிட்டுக் கிளம்புகிற இடத்தில், புல்லுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. நிறம் பால் தேத்தண்ணி நிறம். அவள் கண் தண்ணீரிலிருந்து மரத்துக்குப் போனது. மரம் சாய்ந்திருந்தது. மரத்திலிருந்து மேட்டுக்கு. மேட்டிலிருந்து பிள்ளைகளுக்கு.

"எந்திரிங்க! எல்லாத்தயும் போட்டுட்டு எந்திரிங்க! மலை எறங்குது!"

மேக்கணக்குப் பிள்ளைகளுக்கு அந்தக் குரல் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. கேள்வி கேட்கவில்லை, அழவில்லை. சோற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, ரோஷானி டீச்சரே பழக்கிய மாதிரி, முன்னால் நிற்பவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். தாய்மாரும் கைக்குழந்தைகளை அள்ளிக்கொண்டார்கள். கீழே ஓடக்கூடாது, மண் வருகிற வழியைவிட்டுப் பக்கவாட்டில் ஓட வேண்டும், அதுதான் சட்டம். மரியாயி பக்கவாட்டைத் தேடினாள். எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாகக் கிடந்தது. மேல் எது, கீழ் எது, பக்கம் எது என்றே விளங்காமல் ஒரு கணம் திக்குமுக்காடிப்போய், பிறகு எதிரே தெரிந்த தங்க புத்தரைக் காட்டி, "அங்கிட்டு!" என்றாள்.

வரிசை ஓடியது. ஏன் ஓடுகிறார்கள் என்று தெரியாமல் கச்சான் கடலை வண்டிக்காரர் ஓடினார். குடைகளுக்குள்ளிருந்த சோடிகள் நாலாபக்கமும் ஓடின. யாரோ, "பாம்பு, பாம்பு!" என்று சிங்களத்தில் கத்தினார்கள். எங்கோ ஒரு நாய் குரைத்தது.

புத்தருக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது பூங்காக் காவலாளி ஓடி வந்தார். நரைத்த மீசை, தொப்பி, கையில் விசில். "மொகத அம்மே வுணே?" என்று, என்ன நடந்தது என்று கேட்டார். மரியாயி கையை நீட்டிக் காட்டினாள். மேட்டில் தண்ணீர், கலங்கல் தண்ணீர், மரம் வேறு சாய்ந்து நிற்கிறது. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டக்காரர் பூச்செடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் விட்டிருக்கிறார். புதிதாகப் போட்ட மண். அதுதான் கலங்கி வழிகிறது. மரம் அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. "பய வென்ன எபா அம்மே" என்று, பயப்பட வேண்டாம் என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இரண்டு பொடியன்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கெதர கொஹேத?" என்று அவர் ஊரைக் கேட்டார்.

"அரநாயக்க" என்றாள் மரியாயி.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். படம் எடுத்த பொடியன்களை விரட்டினார். பிறகு நடந்து போய்க் குழாயை மூடிவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை திறக்க வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது.

ரோஷானிக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. தாயைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். "எவ்வளவு நாளாத் திட்டம் போட்டுக் கூட்டியாந்தேன். பிள்ளைக சோத்தப் போட்டுட்டு ஓடுதுங்க. ஊரே நின்னு சிரிக்கிது. ஒரு நாளாச்சும் சாதாரண அம்மாவா இருக்கக்கூடாதாம்மா?"

மரியாயிக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. "சாதாரணமா இருந்தவங்க எல்லாம் மண்ணுக்குள்ள இருக்காங்கடி" என்றாள்.

பிள்ளைகள் திரும்பி வந்து, எறும்பு மொய்க்காத பார்சல்களைத் தேடி எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு என்ன, ஓடியதில் பசி கூடியிருந்தது. மரியாயி மரத்தைவிட்டுத் தள்ளி, வெயிலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும். இங்கே பொய்த் தண்ணீருக்கு இத்தனை பேரை ஓட்டிவிட்டாள். அங்கே மெய்யாகவே வந்தால் அந்த ஒரு மனுஷனை ஓட்ட ஆள் இல்லை. மாதாவே, மாதாவே என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது.

போன் அடித்தது. தெரியாத இலக்கம். அவசரத்தில் பச்சைக்குப் பதிலாகச் சிவப்பை அமுக்கிவிட்டாள். "ஐயோ, அமத்திட்டேனே! ரோஷானி, அமத்திட்டேன்டி!" என்று அலறினாள். ரோஷானி ஓடி வந்து போனைப் பறித்துத் திரும்ப எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு, மரியாவா?" லோரன்ஸின் குரல். "இது ஸ்கூல் வாச்சரோட போனு. எங்க போன்ல லைன் இல்ல."

"ஸ்கூல் வாச்சரா? எங்க இருக்கீங்க?"

"ஸ்கூல்லதான் இருக்கேன்."

"மலை எறங்கிருச்சா?"

"வாயக் கழுவு. மலை இருக்கிற எடத்துலதான் இருக்கு. மழையும் விட்டுருச்சி."

"நூலு?"

"நூலும் இருக்கு. சுப்பம்மாக்கா பாத்துட்டு வந்தாங்க."

"போத்தலு? செவப்புக் கோடா?"

"செவப்பு எங்க, மஞ்சளே தொடல்ல."

"மஞ்சளே தொடலயா?" என்றாள் மரியாயி. "அப்ப ஏன் போனீங்க? ஒத்தக் காலோட, மழையில?"

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பதும், பிள்ளை ஒன்று சிணுங்குவதும் கேட்டது.

"பயந்துட்டேன் புள்ள" என்றார் லோரன்ஸ். "நீ இருந்தா நீ பயப்படுவ, நான் பேசாமக் கெடப்பேன். இன்னிக்கி நீ இல்ல. தகரத்துல சத்தம் கேட்ட ஒடனே யாரு எழுப்புவான்னு பாக்குறேன், யாரும் இல்ல. பயப்படுறதுக்கு வீட்டுல ஒரு ஆளாச்சும் வேணாமா? கட்டய ஊனிக்கிட்டு எறங்கிட்டேன். கால் ஒடிஞ்சவனே போறான்னு லயமே பின்னால வந்துருச்சி. இப்ப எல்லாரும் என்னயத்தான் ஏசுறாங்க."

மரியாயி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ரோஷானிக்கே தெரியவில்லை. கொஞ்சம் கழித்துத் தலைப்பை எடுத்துவிட்டு, குரலைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டாள். "கட்டு நனைஞ்சிச்சா?"

"பொலித்தீன் பையக் கட்டிக்கிட்டுத்தான் வந்தேன்."

"எந்தப் பை?"

"ஏதோ ஒரு பை. வை போன, வாச்சரு போனக் கேக்குறாரு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு மரியாயி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து, மரத்துக்குக் கீழே, பிள்ளைகளோடு பிள்ளையாகச் சம்மணம் கட்டி அமர்ந்து, ஆறிப்போன சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். முட்டையைப் பக்கத்து வாண்டுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

திரும்பும்போது அதே சீட். பஸ் கடவத்தையைத் தாண்டவில்லை, அவள் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, தலை ஜன்னல் பக்கம் தொங்க, மெல்லிய குறட்டையோடு ஒரு தூக்கம். நிஸார் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். பிள்ளைகளும் தாய்மாரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கிடந்தார்கள்.

வரக்காப்பொலைக்குப் பிறகு பாதை ஏறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் வெட்டுமண் மேடுகள் கிட்டக் கிட்ட வந்தன. வானம் மங்கி, முதல் பெரிய துளிகள் பஸ்ஸின் கூரையில் தட்டின. அடுத்த நிமிஷம் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் கொட்டுகிற அதே சத்தம். ரோஷானி திடுக்கிட்டுத் தாயைப் பார்த்தாள். மரியாயி அசையவில்லை. எழுப்புவதற்காகத் தோள் வரைக்கும் போன கையை ரோஷானி இழுத்துக்கொண்டாள்.

எழுந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு முன்னால் போய், நிஸாருக்குப் பக்கத்தில் இருந்த கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க டீச்சர், இன்னும் தூரம் கெடக்கு" என்றார் நிஸார்.

"பரவால்ல அண்ணே. நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வைப்பர் துடைத்துத் துடைத்துக் காட்டுகிற கண்ணாடி வழியே, மேட்டின் மேலே நிற்கிற மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.